மாப்பிள்ளைக்கு ஒரு குண்டு யோசனை

மாப்பிள்ளை, உங்க ஆசையை நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஊர்ல மத்த மாப்பிள்ளைகளையும் பார்க்கிறேனே. ஒருத்தர் சமயபுரம் பக்கம் பிளாட் பிளாட்டா வாங்கிப் போட்டுட்டு, ஐப்பசி மழையில எந்தக் கல்லு தன்னோடதுன்னு முழங்கால் தண்ணியில துழாவுறார். இன்னொருத்தர் சீட்டுக் கட்டிட்டு சீட்டுக்காரனைத் தேடுறார். நீங்க ஒருத்தர்தான், பட்டாளத்துக்காரன் எறியாம விட்டுட்டுப் போன பழைய கையெறி குண்டைத் தேடுறீங்க. அவங்க தேடினது கிடைச்சா வீட்டோட வச்சுக்குவாங்க. உங்களுக்குக் கிடைச்சா தெருவுக்கே தெரியும். அந்த வகையில நீங்க ஒளிவுமறைவு இல்லாத மனுஷன்.

எனக்கு இதுல என்ன தெரியும்? வாழைக்கு மண் அணைக்கத் தெரியும், காத்தடிச்சா முட்டுக் கொடுக்கத் தெரியும். ஆனா பொண்ணைக் கொடுத்தவன் நாலு இடத்துல விசாரிக்கணும் இல்லையா. கல்யாணத்துக்கு முன்னாடி விசாரிச்சப்போ, ‘நல்ல உத்தியோகம், வெத்தலைகூடப் போட மாட்டார்’னு சொன்னாங்க. குண்டைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கல. அதனால இப்போ அந்தக் குண்டோட குலம் கோத்திரத்தையே விசாரிச்சுட்டு வந்திருக்கேன். பேத்தி போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னா. நூலகத்துல இருக்கிற தம்பியும் ரெண்டு புஸ்தகம் எடுத்துக் கொடுத்தார்.

நீங்க போன்ல எனக்குக் காட்டினீங்களே, கட்டம் கட்டமா வெட்டின இரும்பு, அதுக்குத் தகப்பன் பேரு வில்லியம் மில்ஸ். இங்கிலாந்துல பர்மிங்காம்ல பட்டறை வச்சிருந்தவர். 1915-ல பட்டாளத்துக்குள்ள அது காலெடுத்து வச்சப்போ நம்பர் 5. அப்புறம் 23. அப்புறம் 36. அந்த 36 பக்கத்துல ‘எம்’னு ஒரு எழுத்து இருந்தா அது மெசபடோமியாவுக்குப் போறதுக்காகச் செஞ்சது, இன்னைக்கு ஈராக்னு சொல்றோமே அந்த ஊரு. சூட்டுலயும் ஈரத்துலயும் உள்ள இருக்கிற மருந்து கெடக்கூடாதுன்னு அரக்குப் பூசி அனுப்பினாங்க. எடை முக்கால் கிலோ சொச்சம். அந்தக் கட்டம் எல்லாம் துண்டு துண்டா சிதறுறதுக்குன்னு ஊரே நினைச்சுக்கிட்டிருக்கு. சேத்துக் கையில பிடிச்சா வழுக்காம இருக்கத்தான் வெட்டினாங்களாம். அமெரிக்காக்காரன் தன் குண்டுக்கு அன்னாசின்னு செல்லப்பேர் வச்சான். எனக்கு எல்லாம் சீத்தாப்பழம் மாதிரிதான் தெரியுது. அதுதான் மாப்பிள்ளை எனக்கு முதல் கவலை. என் பேத்திக்குச் சீத்தாப்பழம்னா உசிரு.

நீங்க அதைப் ‘பழம்பொருள்’னு சொல்றீங்க. சரிதான். நூறு வருஷம் தாண்டினா கவர்மெண்ட்டே பழம்பொருள்னு சொல்லுது. ஆனா இந்த 36-ஐ நம்ம ராணுவம் எப்போ வரைக்கும் கையில வச்சிருந்துச்சு தெரியுமா? அதுக்குப் பதிலா நாக்பூர்ல ஒரு கம்பெனி செஞ்ச புதுக் குண்டை ராணுவத்துக்கிட்ட ஒப்படைச்சதே 2021 ஆகஸ்டுலதான். பத்து லட்சம் குண்டுக்கு ஆர்டராம். ஆக நீங்க அருங்காட்சியகத்துல உட்கார வைக்கணும்னு சொல்ற ஆளு, நேத்து வரைக்கும் டூட்டி பார்த்தவர். பென்ஷன் பேப்பர்ல இன்னும் கையெழுத்தே போடல.

ஊசியைப் பிடுங்கி எறிஞ்சா முதல்ல ஏழு செகண்ட் பொறுத்துக்குமாம். 1940-ல பிரான்சுல நடந்த சண்டையில, ஏழு செகண்ட் ரொம்ப ஜாஸ்தி, எதிராளி எடுத்துத் திருப்பியே எறிஞ்சுடுவான்னு நாலா குறைச்சுட்டாங்க. நாலு செகண்ட்ல உங்க அப்பார்ட்மென்ட்டுல என்ன நடக்கும்? லிஃப்ட் பொத்தானை அழுத்தினா லைட்டு எரியும். அவ்வளவுதான்.

அவசரம் எல்லாம் அதுக்குத்தான். நமக்கு என்ன அவசரம்? இன்னொரு காபி சொல்லுங்க. ஸ்ரீரங்கத்துல காபிக்கு மட்டும் நான் குறை சொன்னதே கிடையாது.

எங்கயோ ஆன்லைன்ல, எந்த ஊர்க்காரனோ விக்கிற குண்டுக்கு நீங்க ஏங்குறதைப் பார்த்தாத்தான் எனக்கு வருத்தம். கொல்லன் தெருவுல ஊசி விக்கிறது ஒரு தப்புன்னா, கொல்லன் தெருவுல குடியிருந்துக்கிட்டு ஊசிக்கு வெளியூர் போறது அதைவிடத் தப்பு. நவல்பட்டுல துப்பாக்கித் தொழிற்சாலை 1966-ல இருந்து நடக்குது. திருச்சி பேரையே வச்சு ஒரு துப்பாக்கி செஞ்சாங்க. குண்டைத் தூரமா வீசுற லாஞ்சர்கூட அங்க செய்யறாங்க. மணப்பாறை பக்கம் வீரமலைப்பாளையத்துல துப்பாக்கி சுடுற பயிற்சி நடக்கும்போதெல்லாம் கலெக்டர் அறிவிப்பு விடுவார்: இன்ன தேதியில இருந்து இன்ன தேதி வரைக்கும் ஆளும் போகக் கூடாது, ஆடு மாடும் மேயக் கூடாது. ஆடு மாட்டுக்குப் பேப்பர் படிக்கத் தெரியாது, ஆனாலும் அந்தப் பக்கம் போறதில்ல. நமக்குப் படிக்கத் தெரியும்.

சரி, புதுசு வேண்டாம், சரித்திரம்தான் வேணும்னு சொல்வீங்க. அதுக்கும் எங்கயும் போக வேண்டாம். நாம உட்கார்ந்திருக்கிற இந்தத் தீவே ஒரு காலத்துல பட்டாளத்துக் கொட்டகைதான். 1751-ல ஆரம்பிச்சு மூணு வருஷம் இந்தத் திருச்சிக் கோட்டைக்காக அடிச்சுக்கிட்டாங்க. கோட்டைக்குள்ள முகமது அலி, அவருக்கு இங்கிலீஷ்காரன் துணை. வெளியில சந்தா சாகிபு, அவருக்கு பிரெஞ்சுக்காரன் துணை. கடைசியில பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா, படையைக் கூட்டிக்கிட்டு ஆத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள்ள வந்து புகுந்துட்டார். ரங்கநாதர் கோயில் மதிலைவிட நல்ல கோட்டை எங்க கிடைக்கும்? ஆனா கோட்டைக்குள்ள அரிசி வேணுமே. 1752 ஜூன்ல சரணாகதி. இங்க வந்தவங்க எல்லாரும் சரணாகதிதான் பண்ணுவாங்க, அவர் ஆள் மாத்திப் பண்ணிட்டார். சந்தா சாகிபு தஞ்சாவூர் தளபதி மானோஜியை நம்பிப் போனார். தலை போச்சு. இத்தனைக்கும் பெறகு, சந்தா சாகிபுக்கும் முகமது அலிக்கும் அடக்கம் ஒரே இடத்துல, நத்தர்வலி தர்காவுலன்னு சொல்றாங்க. உசிரோட இருந்தப்போ ஊரே பத்தல. அப்புறம் ஒரு தர்கா போதுமா இருந்துச்சு.

அடுத்த வருஷம், 1753 ஜூன்ல, பொன்மலை மேல ஏறினது யாரு? கிரனேடியர்னு சொல்ற படை. குண்டு எறியிறதுக்குன்னே உசரமா, தோள் வலுவான ஆளாப் பொறுக்கி எடுத்த வம்சம். தலையில நீட்டமா ஒரு குல்லாய் வச்சிருப்பாங்க. இன்னைக்கு நீங்க ரயில்வே பட்டறைச் சங்கு கேக்குற அந்தப் பொன்மலையைத்தான் அவங்க ஓடி ஏறிப் பிடிச்சாங்க. ஆனா கேளுங்க வேடிக்கையை. அந்தக் காலத்துக்கு முன்னாடியே அவங்க வெட்டவெளிச் சண்டையில குண்டு எறியிறதை அநேகமா விட்டுட்டாங்க. அன்னைய குண்டு ஒரு இரும்பு உருண்டை. உள்ள மருந்து, வாயில திரி. திரியைப் பத்தவச்சுக் கையில பிடிச்சுக்கிட்டு, எறியிறதுக்கு நேரம் பார்க்கணும். திரி சொன்ன பேச்சைக் கேக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. எதிரிக்கு எவ்வளவு பயமோ அவ்வளவு பயம் எறியிறவனுக்கும். அதனால குண்டை விட்டாங்க, குல்லாயை விடல, பேரையும் விடல. எறியிறதே பொழப்பா வச்சிருந்தவன் வேணாம்னு கீழ போட்டதை, கம்ப்யூட்டர் தட்டுற நீங்க குனிஞ்சு எடுக்கிறீங்க. அந்தக் குல்லாயைச் சேகரிங்களேன் மாப்பிள்ளை. வெடிக்காது. உங்களுக்கு முன்நெத்தி வேற கொஞ்சம் ஏறிக்கிட்டே போகுது.

சேகரிக்கிறவங்க கதைன்னா ஸ்ரீரங்கத்துல ஒண்ணு உண்டு. அந்தச் சண்டைக் காலத்துல ஒரு பிரெஞ்சுச் சிப்பாய், படையை விட்டு ஓடி வந்து, பக்தன் வேஷம் போட்டுக் கோயிலுக்குள்ள இடம் பிடிச்சு, பெருமாள் கண்ணுல இருந்த வைரத்தையே பிடுங்கிட்டுப் போனானாம். அந்த வைரம் கை மாறிக் கை மாறி ரஷ்யா ராணிக்குப் போச்சாம். ஓர்லாவ் வைரம்னு இன்னைக்கு மாஸ்கோவுல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு. கதை எவ்வளவு நெசம்னு பெருமாளுக்கு வெளிச்சம். நெசமா இருந்தாலும் அவன்கூட மருந்து அடைக்காத பொருளாப் பார்த்துத்தான் எடுத்திருக்கான், கவனிச்சீங்களா.

மருந்தை அழகான இடத்துல வச்சா என்ன ஆகும்னு மலைக்கோட்டை சொல்லும். தாயுமானவர் கோயில்ல நூத்துக்கால் மண்டபம் ரெண்டு இருந்துச்சு. 1772-ல ஒரு வெடிவிபத்து. இப்போ ஒண்ணுதான் இருக்கு. நூறு தூணு, எல்லாம் கருங்கல்லு. உங்க வீட்டுச் சுவரு செங்கல்லா, இல்ல அந்த வெள்ளைக் கல்லா? தட்டினா டொக்கு டொக்குங்குதே.

என்ன அந்தப் பக்கமே பார்க்கிறீங்க? உங்க அப்பார்ட்மென்ட் ஆளுங்க கூட்டமா இறங்கிப் போறாங்கன்னா? புரட்டாசி சனிக்கிழமை மாப்பிள்ளை. பெருமாளைச் சேவிக்கப் போவாங்க. வயசானவங்களைக்கூட நாற்காலியோட தூக்கிக்கிட்டுப் போறாங்க பாருங்க, என்ன பக்தி! நீங்க இங்க கவனிங்க.

எங்க ஊர்ப் பக்கம் நடந்ததை மறந்திருக்க மாட்டீங்க. 2024 தீபாவளியை ஒட்டி, அக்டோபர் கடைசியில, அந்தநல்லூர்ல காவேரிக் கரையில ராக்கெட் லாஞ்சர் குண்டு ஒண்ணு கிடைச்சுச்சு. ஐப்பசி மாசம், ஜனங்க துலா ஸ்நானம் பண்ற ஆறு. கோயிலுக்கு வந்தவங்க கண்ணுல பட்டு, ஜீயபுரம் போலீசுக்குப் போயி, அப்புறம் திருச்சியில இருக்கிற ராணுவத்துக்காரங்க வந்து வாங்கிக்கிட்டாங்க. எப்படி ஆத்துக்கு வந்துச்சுன்னு ஊர்ல ஆளுக்கொரு கதை. எந்தக் கதையிலயும் ‘நான் எடுத்து வீட்டு ஷெல்ஃபுல வச்சேன்’னு ஒருத்தரும் வரல. வெங்காய வெடிக்கே காதைப் பொத்துற ஊரு மாப்பிள்ளை அது. பயம் இருக்கிறதாலதான் வெத்தலைக் கொடிக்கால்ல இன்னும் ஆள் நடமாட்டம் இருக்கு.

2018 ஜூன்ல ராமேஸ்வரம் பக்கத்துல தங்கச்சிமடத்துல ஒரு வீட்டுக்காரர் கக்கூஸ் தொட்டிக்குக் குழி வெட்டினார். மம்மட்டி ‘டங்’குன்னுச்சு. புதையல்னு எவனுக்கும் ஆசை வரத்தான் செய்யும். தோண்டினா பெட்டி பெட்டியாத் தோட்டா, வெடிமருந்து. எண்பதுகள்ல இலங்கைப் போராளிங்க அங்க இருந்த காலத்துல புதைச்சதுன்னு சொன்னாங்க. முப்பது வருஷத்துக்கு மேல அது மேலயே ஜனங்க நடந்திருக்காங்க, வலை காயப்போட்டிருக்காங்க. அவரும் எடுத்துத் துடைச்சு ஹால்ல வைக்கல. போலீசைக் கூப்பிட்டார். தொட்டி வேலைதான் தள்ளிப் போச்சு.

வெளிநாட்டுல மட்டும் என்ன வாழுது? 2019 பிப்ரவரியில ஹாங்காங்ல ஒரு சிப்ஸ் கம்பெனி. பிரான்சுல இருந்து வந்த உருளைக்கிழங்கைக் கொட்டிப் பொறுக்கிக்கிட்டிருக்காங்க. உருளைக்கிழங்கோட உருளைக்கிழங்கா ஒரு ஜெர்மன் கையெறி குண்டு, முதல் உலகப் போர் சமாச்சாரம், சேறு பூசிக்கிட்டு, கிட்டத்தட்ட ஒரு கிலோ. நூறு வருஷம் பிரான்சு வயல்ல தூங்கி, கிழங்கு எடுக்கிற மெஷின்ல ஏறி, கப்பல் ஏறி வந்திருக்கு. போலீசுக்காரங்க அங்கேயே தண்ணியைப் பீச்சி அடிச்சு அதோட கதையை முடிச்சாங்க. சிப்ஸுக்கு நறுக்குற கத்தி வரைக்கும் போயிருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பார்த்து நான் மூணு நாள் வறுவலே தின்னல.

இன்னொண்ணை மட்டும் நான் சிரிச்சுக்கிட்டுச் சொல்ல மாட்டேன். 2020-ல அமெரிக்காவுல வட கரோலினாவுல ஒரு பழம்பொருள் கடை. பழைய கையெறி குண்டுங்க வித்திருக்காங்க, எல்லாம் வெத்துக் கூடுன்னு நினைச்சு. அதுல ஒண்ணு அந்த வருஷம் டிசம்பர்ல வர்ஜீனியாவுல ஒரு வீட்டுல வெடிச்சு ஒரு சின்னப் பையன் போயிட்டான். கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் இருந்துச்சு. அப்புறம் அந்த நாட்டு ஆயுதத் துறையே, அங்க வாங்கினவங்க யாரும் தொடாதீங்க, எங்களைக் கூப்பிடுங்கன்னு அறிவிப்பு விட்டுச்சு. அந்தக் கடையும் கௌரவமான கடைதான். வித்தவன் மோசக்காரன்னுகூடச் சொல்ல முடியாது. அவனுக்கும் தெரியாது. அதுதான் மாப்பிள்ளை எனக்கு வயித்தைக் கலக்குது. உங்ககிட்ட வித்தவன் ‘உள்ள ஒண்ணும் இல்ல சார்’னு சொன்னானே, அவன் உள்ள போய்ப் பார்த்துட்டா வந்தான்?

துரு பிடிச்சிருக்கு, அதனால செத்துப் போச்சுன்னு நீங்க சொல்வீங்க. துரு என்ன கட்சி பார்த்தா தின்னுது? ஊசியைத் தின்னும், லீவரைத் தின்னும், அழுத்திப் பிடிச்சு வச்சிருக்கிறது எதுவோ அதைத்தான் முதல்ல தின்னும். உள்ள இருக்கிற மருந்து பாட்டுக்கு அதிருப்தியோட உட்கார்ந்திருக்கும். சில பழைய மருந்துங்க உலோகத்தோட சேர்ந்து, புதுசுல இருந்ததைவிடக் கோபக்காரனா மாறுமாம். வயசானா சாந்தம் வரும்ங்கிறது மனுஷனுக்கே எல்லாருக்கும் பொருந்தாது, உங்க அத்தையைக் கேளுங்க.

காயலாங்கடைக்காரங்களைக் கேட்டா இன்னும் சொல்வாங்க. 2004 செப்டம்பர்ல காஜியாபாத் பக்கத்துல ஒரு இரும்பு ஆலையில, வெளிநாட்டுல இருந்து வந்த பழைய இரும்புக்குள்ள வெடிக்காத குண்டு கிடந்து, பத்துப் பேர் செத்தாங்க. அதுக்கு அப்புறம்தான் கப்பல்ல வர்ற பழைய இரும்புக்கு இத்தனை சோதனை. எடை போட்டு வாங்குறவனே இரும்பைப் பார்த்துப் பயப்படுறான். நீங்க அழகு பார்த்து வாங்குறீங்க.

அப்புறம் சட்டம். நான் அதிகம் படிக்காதவன், தப்பா இருந்தா திருத்துங்க. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம், தோட்டா மருந்துன்னா எது எதுன்னு சொல்ற இடத்துலயே ராக்கெட்டு, குண்டு, கையெறி குண்டுன்னு பேர் சொல்லிக் கூப்பிடுது. 1908-ல வெள்ளைக்காரன் போட்ட வெடிபொருள் சட்டம் இன்னும் உசிரோட இருக்கு. சந்தேகப்படும்படியா வெடிபொருள் வச்சிருந்தா, நல்ல காரியத்துக்குத்தான் வச்சிருந்தேன்னு காட்ட வேண்டியது வச்சிருந்தவன் பாடு. கோர்ட்டுல நின்னு ‘அழகுக்கு வச்சேன் ஐயா’ன்னு நீங்க சொல்றதை நான் கற்பனை பண்ணிப் பார்த்தேன். உங்க முகத்துக்கு ஜட்ஜ் நம்பினாலும் நம்புவார். மண்ணைத் தோண்டி எடுத்தீங்கன்னா அது வேற கச்சேரி. 1878-ல புதையல் சட்டம்னு ஒண்ணு, பத்து ரூபாய்க்கு மேல பெறுமானம்னா கலெக்டருக்கு எழுதிக் கொடுக்கணும். அன்னைக்குப் பத்து ரூபாய்க்கு ஒரு காணி வாங்கியிருப்பாங்க. இன்னைக்கு நாம குடிக்கிற இந்தக் காபிக்கே பத்தாது. நூறு வருஷம் தாண்டிடுச்சா, 1972-ம் வருஷத்துப் பழம்பொருள் சட்டக்காரரும் ஒரு எட்டு வந்துட்டுப் போவார். ஆக ஒரு இரும்பு உருண்டைக்கு இன்ஸ்பெக்டர், தாசில்தார், தொல்லியல் ஆபீசர் மூணு பேரும் உங்க வாசல்ல செருப்பைக் கழட்டுவாங்க. என் பொண்ணு மூணு பேருக்கும் காபி கலந்து மாளாது.

அதுவும் நீங்க குடியிருக்கிற இடம் எப்படிப்பட்ட இடம்? வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்குல ஜனம் வரும். பரமபத வாசல் திறக்கிறதுக்கு முன்னாடி மோப்ப நாய் உங்க தெருவையும் ஒரு சுத்துச் சுத்தும். 2024 ஜனவரியில பிரதமர் சேவிக்க வந்தப்போ, மொட்டை மாடியில துணி காயப்போட்டவங்களையே போலீசு ஏற இறங்கப் பார்த்துச்சே. வெளியூருக்குக் கையில கொண்டு போயி யாருக்காவது காட்டலாம்னு நினைச்சாலும், திருச்சி ஏர்போர்ட்டு இருக்கு. தங்கத்தை மனுஷன் எங்கெங்க ஒளிச்சுக் கொண்டு வருவான்னு பார்த்துப் பார்த்துக் கண்ணு பழுத்த ஆபீசருங்க. அவங்க ஸ்கேன் மெஷின்ல உங்க சீத்தாப்பழம் தெரிஞ்சா, நீங்க அன்னைக்கு எந்த ஃபிளைட்டும் ஏறப் போறதில்ல.

வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. சேகரிங்க. சேகரிக்கிறதுக்கு முறை ஒண்ணு இருக்கு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன்னு ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து எண்ணெய்த் தொட்டியைக் குறி பார்த்துச் சுட்டுட்டுப் போச்சே, அந்தக் குண்டுத் துண்டு சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்துல இருக்கு. எடுத்து வச்சவன் கெட்டிக்காரன் பாருங்க, வெடிச்சு முடிச்சதுக்கு அப்புறம் எடுத்து வச்சிருக்கான். தஞ்சாவூர்ல பீரங்கி மேட்டுல நாயக்கர் காலத்துப் பீரங்கி கிடக்கு. ஒரே ஒரு தடவைதான் சுட்டுச்சுன்னு சொல்வாங்க. அதுக்கு அப்புறம் அது யாரையும் தொந்தரவு பண்ணல, ஆடு மேய்க்கிற பையன் மேல ஏறி உட்கார்ந்தாக்கூட ஒண்ணும் சொல்லாது. வீட்டுக்குக் கொண்டு வர முடியாதேன்னு வருத்தப்படாதீங்க. அதுதான் அதோட பெரிய குணம்.

காந்தி மார்க்கெட்டுக்கு வெங்காயம் வாங்கப் போறீங்களே, அங்க ஒரு போர் நினைவுச் சின்னம் நிக்குதே, என்னைக்காவது நின்னு படிச்சீங்களா? முதல் உலகப் போருக்குத் திருச்சியில இருந்து 302 பேர் போனாங்க, 41 பேர் திரும்பி வரலன்னு அதுல இருக்கு. அந்த 41 பேர் யாரு, எந்தெந்த ஊரு, பெண்டாட்டி பிள்ளை என்ன ஆச்சு, எந்தப் பாலைவனத்துல கிடக்கிறாங்க? உங்க குண்டைக் கையில வச்சிருந்தது அவங்களாக்கூட இருக்கலாம். சர்க்கார் காயிதம் எங்கயாவது இருக்கும், கோயில் கணக்குல இருக்கும், ஊர்ல கிழடு கட்டைங்க வாயில இருக்கும். அதைச் சேகரிங்க. பட்டாளத்துக்குப் போயி வராதவங்களைப் பத்தி எங்க பாட்டியே ரெண்டு கதை சொல்லும். உங்களுக்குத்தான் கேக்க நேரமில்ல, எனக்கும் ஞாபகம் போயிக்கிட்டிருக்கு. அதுக்கெல்லாம் லைசென்ஸ் வேண்டாம், ஆனா அலையணும். அலைச்சல்னாத்தான் நம்ம ஆளுக்கு ஆகாது. கூரியர்ல வந்தா சரித்திரம், பஸ் ஏறிப் போனா வேலையத்த வேலை.

இவ்வளவும் எதுக்குச் சொல்றேன்னா, நீங்க இன்னும் ஒண்ணும் வாங்கல, யோசனைதான் பண்ணிக்கிட்டிருக்கேன்னு போன வாரம் சொன்னீங்க. நானும் நம்பினேன். மாமனார் நம்பித்தானே ஆகணும். நவராத்திரி வருதுன்னு இன்னைக்குக் காலையில என் பொண்ணு பரண்ல இருந்து கொலு பொம்மையை இறக்கியிருக்கா. தசாவதாரம் பெட்டி வந்துச்சு, செட்டியார் பொம்மை வந்துச்சு. அதுக்குப் பின்னாடி பழைய துண்டுல சுத்தி ஒரு பொட்டலம். பிரிச்சா, கட்டம் கட்டம். ‘அப்பா, இந்த வருஷம் பழக்கடை செட்டுக்கு அவர் புதுசா ஏதோ வாங்கி வச்சிருக்கார்போல, ஆனா ரொம்பக் கனமா இருக்கு’ன்னு எனக்குப் போன் பண்ணினா. கையில இருந்ததைத் தொட்டிலில பிள்ளையை விடுற பக்குவத்துல அப்படியே பரண்லயே வையி, பேத்தியைக் கூட்டிக்கிட்டுத் தாயார் சந்நிதிக்குப் போயி உட்காரு, நான் வந்து கூப்பிடற வரைக்கும் வராதேன்னு சொல்லிட்டுத்தான் பஸ் ஏறினேன். ஏறுறதுக்கு முன்னாடி நூறுக்கு அடிச்சுச் சொல்லிட்டேன். உங்க பேரு, வீட்டு நம்பரு, எத்தனாவது மாடி எல்லாம் நல்லா விளக்கமா.

அவங்க என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: நாங்க வர்ற வரைக்கும் வீட்டுக்காரர் மேல ஏறி அதைத் தொடாம இருக்கணும், முடியுமா பெரியவரேன்னு. அதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்ல சார், தெருமுனையில காபி வாங்கிக் கொடுத்துப் பேசிக்கிட்டிருந்தா எங்க மாப்பிள்ளை மரியாதைக்கு எழுந்திரிக்க மாட்டார், நான் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன்னு சொன்னேன்.

அதோ வேன் திரும்புது. நாயும் வந்திருக்கு. நீங்க எழுந்திரிக்காதீங்க, எந்தப் பரண்னு கேக்க அவங்களே இங்க வருவாங்க. காபிக் காசு நீங்க கொடுத்துடுங்க.